புளிக்காத தசை: ஒரு பாஸ்பேட் கோடு நகர மறுத்த நோயாளி

கையை இறுக்க மூடி, விரித்து, திரும்ப மூடி, இரண்டு நிமிடம் நிறுத்தாமல் செய்து பாருங்கள். முன்கை கடுக்க ஆரம்பித்துவிடும். மேற்கையில் ரத்த அழுத்தப் பட்டையைக் கட்டிக் காற்றை ஏற்றி ரத்த ஓட்டத்தையும் நிறுத்திவிட்டால் இன்னும் சீக்கிரம் கடுக்கும். அந்த நேரத்தில் தசைக்குள் புளிப்பு ஏறிக்கொண்டிருக்கும். சேமித்து வைத்த கிளைகோஜன் உடைந்து லாக்டிக் அமிலம் வரைக்கும் போகும். தசையின் பிஎச் 7-ஐ ஒட்டிய இடத்திலிருந்து 6.5-க்கும் கீழே இறங்கும். ஆரோக்கியமான எவருக்கும் இப்படித்தான்.

ஆக்ஸ்ஃபோர்டில் ஒருவருடைய முன்கையில் இது நடக்கவில்லை. கை வேலை செய்தது, வலித்தது, களைத்தது, ஆனால் தசை புளிக்கவே இல்லை. ஊசி குத்தாமல், தசையைக் கீறாமல், பாஸ்பரஸ் என்.எம்.ஆர். (காந்தப் புலத்திலுள்ள அணுக்கருக்கள் ரேடியோ அலைக்குத் தரும் பதிலைப் படிக்கும் முறை) நிறமாலையில் ஒரே ஒரு கோடு நகராமல் நின்றதைப் பார்த்து இதைக் கண்டுபிடித்தார்கள். ராஸ், ராடா, கேடியன் ஆகியோரும் உடன் பணியாற்றியவர்களும் 1981-இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் வெளியிட்ட அந்த ஒற்றை நோயாளியின் ஆய்வைத்தான் இங்கே பிரித்துப் பார்க்கப் போகிறேன். நான் மருத்துவன் இல்லை, என்.எம்.ஆர். கருவியோடு நாள் கழிக்கும் வேதியியல்காரன். அதனால் நோயைவிட அந்தக் கோட்டைப் பற்றித்தான் அதிகம் பேசுவேன். பாஸ்பாரிக் அமிலம் தன் புரோட்டானை விடுவதும் பிடிப்பதும் ஒரு கோட்டை எப்படி இடமும் வலமும் இழுக்கிறது என்று புரிந்துவிட்டால் இந்த நோயாளியின் கதையில் முக்கால்வாசி புரிந்துவிடும்.

நோயின் முன்கதை

பிரையன் மெக்கார்டில் லண்டன் கைஸ் மருத்துவமனையில் பணியாற்றியவர். உடலை வருத்தி எந்த வேலை செய்தாலும் தசைவலி வந்துவிடுகிற 30 வயது ஆண் ஒருவரைப் பற்றி 1951-இல் அவர் எழுதினார். ரத்த ஓட்டத்தை நிறுத்தி முன்கைக்கு வேலை கொடுத்து, அப்புறம் அந்தக் கையிலிருந்து வரும் ரத்தத்தில் லாக்டேட்டை அளந்தார். மற்றவர்களுக்கு அது எகிறும். இவருக்கு ஏறவில்லை. கிளைகோஜனை உடைக்கும் வழியில் எங்கோ அடைப்பு இருக்கிறது என்று மெக்கார்டில் சரியாகவே ஊகித்தார். அடைப்பு எங்கே என்பது 1959-இல் தெரிந்தது: தசையில் பாஸ்போரிலேஸ் என்ற நொதி இல்லை. இதைத்தான் மெக்கார்டில் நோய் என்கிறோம்.

அந்த நொதியின் வேலையைக் கொஞ்சம் கவனியுங்கள். கிளைகோஜன் சங்கிலியின் நுனியில் இருக்கும் குளுக்கோஸை அது வெட்டி எடுக்கிறது. வெட்டுவதற்குத் தண்ணீரைப் பயன்படுத்துவதில்லை, கனிம பாஸ்பேட்டைப் பயன்படுத்துகிறது. வெளியே வருவது குளுக்கோஸ்-1-பாஸ்பேட். ஆக, இந்த நொதிக்குத் தீனியாகும் பாஸ்பேட்டைத்தான் ஆக்ஸ்ஃபோர்டுக்காரர்கள் திரையில் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இந்தப் பொருத்தம் எனக்கு எப்போது நினைத்தாலும் பிடிக்கும்.

மூன்று குழாய்கள்

எங்கள் கருவியறைக்குப் புதிதாக வருபவர்களுக்கு நான் மூன்று குழாய் காட்டுவேன். ஒன்றில் சோடியம் டைஹைட்ரஜன் பாஸ்பேட்டின் கரைசல். இரண்டாவதில் டைசோடியம் ஹைட்ரஜன் பாஸ்பேட். மூன்றாவதில் இரண்டையும் சம அளவு மோலில் கலந்தது. முதல் குழாயை 400 மெகாஹெர்ட்ஸ் கருவியில் போட்டால் ஒரே கோடு. 85 சதவீத பாஸ்பாரிக் அமிலத்தை சுழியமாக வைத்தால் அதிலிருந்து 1 பிபிஎம்முக்குள் (பிபிஎம் என்பது கோட்டின் இடத்தைச் சொல்லும் அலகு, பத்து லட்சத்தில் ஒரு பங்கு) விழும். இரண்டாவதிலும் ஒரே கோடு, 3 பிபிஎம்மை ஒட்டி. சரி, மூன்றாவதில் எத்தனை கோடு வரும் என்று கேட்பேன். இரண்டு என்றுதான் ஏறக்குறைய எல்லோரும் சொல்வார்கள். இரண்டு உப்பு போட்டிருக்கிறோமே.

வருவது ஒன்றுதான். இரண்டுக்கும் ஏறக்குறைய நடுவில், கூர்மையாக, தனியாக நிற்கும். குழாயில் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஒரு சொட்டு விட்டுக் கலக்கித் திரும்ப எடுத்தால் கோடு வலப்பக்கம் சறுக்கியிருக்கும். காரம் விட்டால் இடப்பக்கம். என்.எம்.ஆர். வரைபடத்தில் பிபிஎம் எண் இடப்பக்கம் கூடும் என்பதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

காரணம் புரோட்டானின் வேகம். 400 மெகாஹெர்ட்ஸ் கருவியில் பாஸ்பரஸின் அதிர்வெண் 162 மெகாஹெர்ட்ஸ். இரண்டு வடிவங்களுக்கும் இடையில் ஏறத்தாழ 2.4 பிபிஎம், அதாவது 390 ஹெர்ட்ஸ் அளவு. அவற்றைத் தனித்தனியாகப் பார்க்க வேண்டுமானால் ஒரு மூலக்கூறு குறைந்தது சில ஆயிரத்தில் ஒரு பங்கு நொடியாவது ஒரே வடிவத்தில் நிலைத்திருக்க வேண்டும். தண்ணீரில் புரோட்டான் அவ்வளவு நேரம் ஓரிடத்தில் தங்காது. கருவி ஒரு தடவை கண் சிமிட்டுவதற்குள் ஒவ்வொரு பாஸ்பேட்டும் எண்ணற்ற தடவை புரோட்டானை வாங்கிக் கொடுத்து முடித்துவிடும். அதனால் கருவிக்குத் தெரிவது சராசரி மட்டும்தான். கரைசலில் டைஹைட்ரஜன் வடிவம் (இரண்டு ஹைட்ரஜன் உள்ளது) எத்தனை பங்கு, மோனோஹைட்ரஜன் வடிவம் (ஒன்று உள்ளது) எத்தனை பங்கு என்பதை அந்தச் சராசரி அப்படியே காட்டிக்கொடுக்கும். பங்கு தெரிந்தால் பிஎச் தெரியும்.

பாஸ்பாரிக் அமிலம் மூன்று படிகளில் புரோட்டானை விடுகிறது. பிகேஏ மதிப்புகள் (ஒரு படியில் பாதி மூலக்கூறுகள் புரோட்டானை விட்டிருக்கும் பிஎச்) 2.15, 7.2, 12.35. இந்த மூன்றில் நடுப்படி நம் உடம்புக்கென்றே வைத்ததுபோல அமைந்திருக்கிறது. தசையின் பிஎச் உலவும் எல்லை முழுவதும் அந்தப் படியின் செங்குத்தான பகுதியிலேயே விழுகிறது. பிகேஏ 5 ஆகவோ 9 ஆகவோ இருந்திருந்தால் இந்தக் கட்டுரைக்கு இடமே இருந்திருக்காது.

கோடு ஏன் இடப்பக்கம் போகிறது

புதிதாகப் படிப்பவர்கள் இடறுகிற இடம் இது. புரோட்டான் போனால் எதிர் மின்சுமை கூடும்; எதிர் மின்சுமை கூடினால் அணுக்கருவுக்கு மறைப்பு (வெளிக் காந்தப் புலத்தை எலக்ட்ரான்கள் ஓரளவு தடுப்பது) கூடும்; எனவே கோடு வலப்பக்கம் நகர வேண்டும் என்று கணக்குப் போடுவார்கள். பாஸ்பேட்டில் அது தலைகீழாக நடக்கிறது. பாஸ்பரஸ் அணுக்கருவின் மறைப்பை அதைச் சுற்றியுள்ள எலக்ட்ரான்களின் அளவு மட்டும் தீர்மானிப்பதில்லை. அவை எவ்வளவு சீராகச் சூழ்ந்திருக்கின்றன, ஆக்சிஜன்-பாஸ்பரஸ்-ஆக்சிஜன் பிணைப்புக் கோணங்கள் எப்படி இருக்கின்றன, பாஸ்பரஸுக்கும் ஆக்சிஜனுக்கும் இடையே எலக்ட்ரான் பகிர்வு எப்படி மாறுகிறது என்பதெல்லாம் சேர்ந்துதான் தீர்மானிக்கின்றன. பாஸ்பேட் சேர்மங்களில் பிணைப்புக் கோணத்துக்கும் கோட்டின் இடத்துக்கும் உள்ள தொடர்பை கோரன்ஸ்டைன் 1975-இல் தொகுத்துக் காட்டினார்.

பாஸ்பரஸோடு கார்பன் நேரடியாகச் சேர்ந்திருக்கும் பாஸ்போனிக் அமிலங்களை எடுத்தால் திசை மாறிவிடும். புரோட்டான் போகப் போகக் கோடு வலப்பக்கம் நகரும். புற்றுக்கட்டியின் செல்களுக்கு வெளியே உள்ள அமிலத்தன்மையை அளக்க 3-அமினோபுரோப்பைல்பாஸ்போனேட் என்ற சேர்மத்தை 1994-இல் கில்லீஸும் உடன் பணியாற்றியவர்களும் பயன்படுத்தினார்கள். அது செல்லுக்குள் போகாது, வெளியிலேயே நின்று அங்குள்ள பிஎச்சைச் சொல்லும். ஒரே நிறமாலையில் செல்லுக்குள்ளிருக்கும் பாஸ்பேட்டின் கோடு ஒரு திசையைக் காட்ட, வெளியிலிருக்கும் பாஸ்போனேட்டின் கோடு அமிலம் ஏற ஏற எதிர்த்திசையில் நகரும். எனவே ‘அமிலம் கூடினால் வலப்பக்கம்’ என்று பொதுவாக மனப்பாடம் செய்யக்கூடாது. எந்த அமிலம், எந்தப் படி என்று கேட்டுவிட்டுத்தான் திசையைச் சொல்ல வேண்டும்.

கோட்டிலிருந்து பிஎச்சுக்கு

இந்த நகர்வை உயிருள்ள செல்லின் பிஎச்சை அளக்கப் பயன்படுத்தலாம் என்று 1973-இல் காட்டியவர்கள் கால்டெக்கின் மூனும் ரிச்சர்ட்ஸும். அவர்கள் எடுத்துக்கொண்டது ரத்தச் சிவப்பணுக்கள். அடுத்த ஆண்டே ஆக்ஸ்ஃபோர்டில் ஹோல்ட், ராடா உள்ளிட்டோர் எலியின் கால் தசையை அப்படியே என்.எம்.ஆர். குழாயில் வைத்து நிறமாலை எடுத்தார்கள். தசையை அரைத்து, பிழிந்து, வடிகட்டி, அதற்குள் பாதி வேதியியல் மாறிப்போய்விடுமோ என்ற கவலை அதோடு போயிற்று.

தசையின் பாஸ்பரஸ் நிறமாலையைப் படிப்பது கடினமே இல்லை. வலக்கோடியிலிருந்து வந்தால் முதலில் தசைக்கு உடனடி ஆற்றல் தரும் மூலக்கூறான ஏடிபியின் மூன்று கோடுகள்: பீட்டா −16, ஆல்பா −7.5, காமா −2.5 பிபிஎம் அளவில். அடுத்து உயரமாக, ஏடிபியைத் திரும்ப நிரப்பும் சேமிப்பான பாஸ்போகிரியேட்டின். அதைத்தான் இங்கே சுழியமாக வைப்பார்கள். அதற்கும் இடப்பக்கம் 4 அல்லது 5 பிபிஎம்மில், ஓய்விலிருக்கும் தசையில் குள்ளமாக ஒரு கோடு. நம்முடைய கனிம பாஸ்பேட் அதுதான்.

பாஸ்போகிரியேட்டினை சுழியமாக வைப்பதில் ஒரு விவரம் இருக்கிறது. அதன் பிகேஏ 4.5-ஐ ஒட்டியது. தசை எவ்வளவு புளித்தாலும் அந்த அளவுக்குப் புளிக்காது. எனவே பாஸ்பேட் கோடு அலையும்போதும் பாஸ்போகிரியேட்டின் கோடு அசையாமல் நிற்கும். இரண்டும் ஒரே செல்லுக்குள், ஒரே காந்தப் புலத்தில் இருக்கின்றன. வெளியே ஒரு குப்பியில் பாஸ்பாரிக் அமிலத்தை வைத்து அதோடு ஒப்பிட்டால் வரும் தகராறு எதுவும் இதில் வராது. மனிதத் தசைக்குப் பரவலாகப் பயன்படும் வாய்பாடு இது. இ என்பது பாஸ்போகிரியேட்டினிலிருந்து பாஸ்பேட் கோடு நிற்கும் தூரம், பிபிஎம்மில்:

பிஎச் = 6.75 + மடக்கை [(இ − 3.27) ÷ (5.69 − இ)]

3.27 என்பது பாஸ்பேட் முழுக்க டைஹைட்ரஜன் வடிவில் இருந்தால் கோடு நிற்கும் இடம். 5.69 என்பது முழுக்க மோனோஹைட்ரஜன் வடிவில் இருந்தால். ஓய்விலிருக்கும் தசையில் கோடு 4.85-இல் இருக்கிறது என்று வையுங்கள். 4.85-இல் 3.27 போனால் 1.58. 5.69-இல் 4.85 போனால் 0.84. வகுத்தால் 1.88, அதன் மடக்கை 0.27. பிஎச் 7.02. பாஸ்பேட்டில் மூன்றில் இரண்டு பங்குக்குச் சற்றுக் குறைவாக மோனோஹைட்ரஜன் வடிவம். கடுமையாக வேலை செய்த தசையில் கோடு 4.00-க்கு வந்துவிட்டால்? 0.73-ஐ 1.69-ஆல் வகுத்தால் 0.43, பிஎச் 6.39. இப்போது டைஹைட்ரஜன் வடிவமே ஏழு பங்கு, மற்றது மூன்று பங்கு.

வாய்பாட்டில் 6.75 இருக்கிறது, பாடப்புத்தகத்தில் 7.2 இருக்கிறதே என்று ஒருவர் கேட்டால் அவர் கவனமாகப் படிக்கிறார் என்று அர்த்தம். 7.2 என்பது தூய நீரில், 25 டிகிரியில், மிக நீர்த்த கரைசலுக்கான மதிப்பு. செல்லுக்குள் உப்புகள் நிறைய இருக்கின்றன, மக்னீசியம் இருக்கிறது, வெப்பநிலை 37 டிகிரி. அந்தச் சூழலில் பாஸ்பேட் இரண்டாவது புரோட்டானை இன்னும் எளிதாக விட்டுவிடுகிறது. தெரியாமல் 7.2-ஐப் போட்டால் ஓய்வுத் தசையின் பிஎச் 7.47 என்று வரும், அது தப்பு.

இந்த முறைக்கு ஓர் எல்லையும் உண்டு. பிஎச் 6.75-ஐ ஒட்டி இருக்கும்போது ஓர் அலகு மாற்றத்துக்குக் கோடு கிட்டத்தட்ட 1.4 பிபிஎம் வேகத்தில் நகரும். பிஎச் 5-லோ 8.5-லோ போய் நின்றால் அந்த வேகம் 0.1 பிபிஎம்தான். அங்கே ஏறக்குறைய எல்லா மூலக்கூறும் ஒரே வடிவத்துக்குப் போய்விட்டிருக்கும். சராசரியை மாற்ற ஆளில்லை. தசை அந்தக் கோடிகளுக்குப் போவதில்லை என்பதால் நமக்குத் தொல்லை இல்லை.

கை உள்ளே போகும் காந்தம்

எலித் தசையிலிருந்து மனிதக் கைக்கு வர இரண்டு பொருள் தேவைப்பட்டன. ஒன்று, கை நுழையும் அளவுக்கு அகலமான மீகடத்திக் காந்தம். ஆக்ஸ்ஃபோர்டில் இருந்ததன் உள்வாய் சுமார் 20 சென்டிமீட்டர், புலம் 1.9 டெஸ்லா அளவு. பாஸ்பரஸுக்கு ஏறத்தாழ 32 மெகாஹெர்ட்ஸ். இன்னொன்று, தோலின் மேல் அப்படியே வைக்கும் வட்டமான கம்பிச் சுருள். அதற்கு நேர் கீழே உள்ள தசையின் சமிக்ஞையை மட்டும் அது பிடிக்கும். மேற்பரப்புச் சுருள் என்ற இந்த எளிய உத்தியை அதே குழுவினர் 1980-இல் வெளியிட்டார்கள். இரண்டும் கைக்கு வந்த மறு ஆண்டு நம் நோயாளியின் ஆய்வு வெளியாகிறது.

32 மெகாஹெர்ட்ஸில் பாஸ்பேட் கோடு ஓடக்கூடிய மொத்தத் தூரம் 2.42 பிபிஎம், அதாவது சுமார் 78 ஹெர்ட்ஸ். பிஎச் 0.1 மாறினால் கோடு நகர்வது 4 ஹெர்ட்ஸ் சொச்சம். இன்றைக்கு எங்கள் அறையில் இருக்கும் கருவியோடு ஒப்பிட்டால் இது மிகக் குறைவு. உயிருள்ள தசையில் கோடுகள் அகலமாகவும் இருக்கும். அப்படியிருந்தும் போதுமானதாக இருந்தது. ஏனென்றால் அவர்கள் தேடியது 0.1 மாற்றத்தை அல்ல. ஆரோக்கியமான கையில் கோடு 20, 30 ஹெர்ட்ஸ் நகர வேண்டும். நகர்ந்ததா இல்லையா என்பதுதான் கேள்வி.

பார்த்தது

நடைமுறை மெக்கார்டில் செய்ததுதான், அளக்கும் இடம் மட்டும் வேறு. முன்கை காந்தத்துக்குள். முதலில் ஓய்வில் நிறமாலை. அப்புறம் ரத்த ஓட்டத்தைத் தடுத்து விரல்களுக்கு வேலை. அதற்குள் மறுபடி மறுபடி நிறமாலை. கடைசியில் ரத்தத்தைத் திறந்துவிட்டு மீண்டு வருவதைப் பதிவு செய்வது.

ஆரோக்கியமானவர்களின் கையில் மூன்று மாற்றங்கள் சேர்ந்தே நடக்கும். பாஸ்போகிரியேட்டின் கோடு உயரம் குறையும். பாஸ்பேட் கோடு உயரும். உயர்ந்துகொண்டே வலப்பக்கம், பாஸ்போகிரியேட்டினை நோக்கி நகரும். ஏடிபி அதிகம் குறையாது. பாஸ்போகிரியேட்டின் தன்னைக் கொடுத்து ஏடிபியைக் காப்பாற்றிக்கொண்டிருக்கும்.

நோயாளியின் கையில் முதல் இரண்டும் நடந்தன. பாஸ்போகிரியேட்டின் வேகமாகக் கரைந்தது, பாஸ்பேட் வேகமாக எழுந்தது. மூன்றாவது நடக்கவில்லை. பாஸ்பேட் கோடு வளர்ந்தது, ஆனால் வலப்பக்கம் வரவில்லை. கிளைகோஜனிலிருந்து அமிலம் வரவில்லை என்பதற்கு இதைவிட நேரடியான சான்று தசைக்கு உள்ளிருந்தே வேறு எதுவும் கிடைத்திருக்காது. ரத்தத்தில் லாக்டேட் ஏறவில்லை என்று மெக்கார்டில் வெளியே நின்று பார்த்ததை, இவர்கள் உற்பத்தியாகிற இடத்திலேயே பார்த்தார்கள்.

இந்த நோயில் கோடு சற்றே இடப்பக்கம் நகர்வதுகூட நடக்கும். அது கருவியின் பிழை இல்லை. பாஸ்போகிரியேட்டின் தன் பாஸ்பேட்டை ஏடிபி-யாக மாற்றிக் கொடுக்கும்போது ஒரு புரோட்டானை விழுங்குகிறது. எல்லோருடைய தசையிலும் வேலையின் தொடக்கத்தில் பிஎச் கொஞ்சம் ஏறுவது இதனால்தான். பிறகு லாக்டிக் அமிலம் வந்து அதைக் கீழே இழுத்துவிடும். இழுக்க ஆளில்லாத தசையில் அந்தத் தொடக்க ஏற்றம் அப்படியே நிற்கும். 4.85-இல் இருந்த கோடு 4.95-க்குப் போனால் பிஎச் 7.02-இலிருந்து 7.11 ஆகும். வழக்கமாக லாக்டிக் அமிலத்தால் மூடப்பட்டுக் கிடக்கும் ஒரு வினை, இந்த நோயாளிகளின் தசையில் வெளிச்சத்துக்கு வந்துவிடுகிறது. எனக்கு இந்த ஆய்வில் மிகவும் பிடித்த பகுதி இதுதான்.

நம்பலாமா?

ஒரு கோடு நகரவில்லை என்பதை வைத்து நோயைச் சொல்வது ஆபத்தான வேலை. நகராததற்கு வேறு காரணங்கள் இருக்கலாம் அல்லவா?

தசையே வேலை செய்யாமல் இருந்திருக்கலாம். ஆனால் பாஸ்போகிரியேட்டின் கரைந்தது அதே நிறமாலையிலேயே தெரிகிறது, வேலை நடந்திருக்கிறது. பிகேஏ மதிப்பு இந்தத் தசைக்குச் சரிவராமல் இருக்கலாம். இருக்கட்டும், வாய்பாட்டில் பிகேஏ வெறும் கூட்டல் எண். அது தப்பாக இருந்தால் ஓய்வின் பிஎச்சும் வேலையின் பிஎச்சும் ஒரே அளவு தப்பும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் மாறாது. இங்கே முடிவு வித்தியாசத்தில்தான் நிற்கிறது. இந்த ஆய்வு அசைக்க முடியாமல் நிற்பதற்கு இதுவே முக்கியக் காரணம் என்பது என் எண்ணம்.

சுழியம் தப்பினால்தான் சிக்கல். கோட்டின் தூரத்தை 0.2 பிபிஎம் தவறாகப் படித்தால் 7.02 என்பது 6.87 ஆகிவிடும். மேலும் இந்தப் பிழை எல்லா இடத்திலும் ஒரே அளவில் இருக்காது. கோடு நிற்கும் இடத்தைப் பொறுத்து மாறும். பாஸ்போகிரியேட்டின் முழுக்கக் கரைந்துபோனால் சுழியமே காணாமல் போய்விடும். அப்போது ஏடிபியின் ஆல்பா கோட்டைப் பிடித்துக்கொள்ள வேண்டியதுதான். சிவப்பணுக்களில் பாஸ்போகிரியேட்டின் கிடையாது என்பதால் மூனும் ரிச்சர்ட்ஸும் தங்கள் வேலையில் 2,3-டைபாஸ்போகிளிசரேட்டின் கோடுகளைப் பயன்படுத்திக்கொண்டார்கள்.

சில சமயம் பாஸ்பேட் கோடு அகன்று, இரண்டாகப் பிளந்தும் நிற்கும். முதல் தடவை பார்ப்பவர் காந்தப் புலம் சீராக இல்லை என்று அதைச் சரிசெய்ய உட்கார்ந்துவிடுவார். பக்கத்திலுள்ள பாஸ்போகிரியேட்டின் கோட்டைப் பார்த்தால் போதும். அது பிளக்காமல் இருந்தால் காந்தத்தில் குறை இல்லை. ஒரே தசையில் வேகமாகக் களைக்கும் இழைகள் ஒரு பிஎச்சிலும் மற்றவை வேறொரு பிஎச்சிலும் இருக்கின்றன என்று அர்த்தம். புரோட்டான் ஒரு செல்லுக்குள்தான் சராசரியாக்கும், அடுத்த இழைக்குத் தாவி அங்கேயும் சராசரி செய்யாது.

பாஸ்பரஸ் அமிலமாக இருந்திருந்தால்

இடத்தை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு எங்கள் அறையிலேயே ஒரு பாடம் கிடைத்தது. பாஸ்பேட் என்று சீட்டு ஒட்டி ஒரு காரக் கரைசல் வந்தது. வழக்கம்போல, ஹைட்ரஜன் அணுக்கருக்கள் கோட்டைப் பிளக்கும் விளைவை நீக்கும் முறையில் நிறமாலை எடுத்தோம். 3 பிபிஎம்மை ஒட்டி ஒரு கோடு, எதிர்பார்த்த இடம். அடிப்பகுதி மட்டும் கொஞ்சம் அகலம். அந்த நீக்கலை அணைத்துவிட்டுத் திரும்ப எடுத்தபோது கோட்டின் ஒரு பகுதி இரண்டாகப் பிரிந்து இரு பக்கமும் விலகி நின்றது. இடைவெளி ஏறத்தாழ 570 ஹெர்ட்ஸ். குழாயில் பாஸ்பேட்டோடு பாஸ்பைட்டும் (பாஸ்பரஸ் அமிலத்தின் உப்பு) இருந்திருக்கிறது. காரக் கரைசலில் இரண்டும் அவ்வளவு பக்கத்தில் உட்கார்ந்துகொள்கின்றன.

பாஸ்பரஸ் அமிலத்தில் மூன்று ஹைட்ரஜன் இருந்தாலும் அமிலமாக நடந்துகொள்வது இரண்டுதான். மூன்றாவது நேராக பாஸ்பரஸோடு ஒட்டியிருக்கிறது, தண்ணீரில் கழன்று போவதில்லை. அதுதான் கோட்டை இரண்டாகப் பிளக்கிறது. இந்தப் பிளவின் அகலமும் அமிலத்தன்மையைப் பொறுத்து மாறும். வலுவான அமிலக் கரைசலில் சுமார் 700 ஹெர்ட்ஸ். இரண்டு புரோட்டானும் போன பிறகு சுமார் 570. இது ஹெர்ட்ஸில் அளக்கும் இடைவெளி. எந்தக் காந்தத்தில் எடுத்தாலும் மாறாது, சுழியம் எங்கே என்ற கேள்வியே எழாது. சுழியத்தை நம்ப முடியாத மாதிரிகளில் பாஸ்பைட்டின் பிளவு எனக்குப் பல தடவை கைகொடுத்திருக்கிறது. ஹைப்போபாஸ்பரஸ் அமிலத்தில் பாஸ்பரஸோடு நேராக இரண்டு ஹைட்ரஜன் இருப்பதால் கோடு மூன்றாகப் பிரியும். நடுக்கோடு இரு மடங்கு உயரம். பார்த்தவுடன் தெரிந்துவிடும்.

பாஸ்பேட்டுக்கு இந்த வசதி இல்லை. அதன் எல்லா ஹைட்ரஜனும் ஆக்சிஜனோடு இருக்கின்றன, எல்லாமே ஓயாமல் இடம் மாறுகின்றன. அதனிடம் கேட்டுப்பெறக் கூடியது இடம் ஒன்றுதான். அதனால்தான் ஆக்ஸ்ஃபோர்டுக்காரர்களுக்கு பாஸ்போகிரியேட்டின் போன்ற அசையாத பக்கத்துவீட்டுக் கோடு அவ்வளவு தேவைப்பட்டது.

இரண்டாவது அடைப்பு

நோயாளிக்கு மெக்கார்டில் நோய் இருக்கலாம் என்ற சந்தேகத்தோடுதான் காந்தத்துக்குள் கையை வைத்தார்கள். நிறமாலை அந்தச் சந்தேகத்தோடு ஒத்துப்போனது. ஆனால் புளிக்காத தசை என்பதை மட்டும் வைத்து பாஸ்போரிலேஸ் இல்லை என்று சொல்லிவிட முடியாது. கிளைகோஜனிலிருந்து லாக்டிக் அமிலம் வரைக்கும் உள்ள வழி நீளமானது. இடையில் எங்கே அடைத்தாலும் அமிலம் வராது. பாஸ்போஃபிரக்டோகைனேஸ் என்ற நொதி குறைந்த தருயி நோயிலும் பாஸ்பேட் கோடு இதேபோலத்தான் நகராமல் நிற்கும்.

அங்கே வேறொரு கோடு வந்து வழக்கைத் தீர்த்துவைக்கிறது. தருயி நோயில் கிளைகோஜன் உடையும். அடைப்பு அதற்கு அடுத்துதான். உடைந்துவந்த சர்க்கரை பாஸ்பேட்டுகள் மேலே போக வழியில்லாமல் தேங்கும். தசை வேலை செய்யச் செய்ய, கனிம பாஸ்பேட்டுக்கு இடப்பக்கம், ஓய்வில் தெரிந்தும் தெரியாமலும் இருந்த இடத்தில் ஒரு கோடு எழுந்து வளரும். மெக்கார்டில் நோயில் அந்த இடம் தட்டையாகவே கிடக்கும், ஏனென்றால் முதல் வெட்டே விழுவதில்லை. எழுந்து வரும் அந்தச் சர்க்கரை பாஸ்பேட்டும் பாஸ்பாரிக் அமிலத்தின் வழித்தோன்றல்தான். அதன் இரண்டாவது பிகேஏ 6-ஐ ஒட்டியது. புளிக்கும் தசையில் அதுவும் வலப்பக்கம் நகரும், புளிக்காத தசையில் எழுந்த இடத்திலேயே நிற்கும்.